பத்துக்கு ஏழரை

நான் ஆடி முடித்த கேம்களை எல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. பெயர், வகை, ஆடிய மணி நேரம், பத்துக்கு எத்தனை மதிப்பெண், ஒரு வரிக் குறிப்பு. அவ்வளவுதான். ஒருநாள் வேறு வேலை இல்லாமல் அதை மதிப்பெண் வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். அப்புறம் ஆடிய மணி நேர வரிசையில் அடுக்கினேன். இரண்டு வரிசைக்கும் ஏறக்குறைய சம்பந்தமே இல்லை.

ஒன்பதரை போட்டிருந்த ஒரு கேமின் கதாநாயகன் பெயர்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. குறிப்பில் "பிரமாதம், குறை சொல்ல ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறேன். மணி நேர வரிசையின் உச்சியில் இருந்தவற்றில் பாதிக்கு நான் போட்டிருந்தது ஏழரை. அதில் ஒன்றை நானூறு மணி நேரம் ஆடியிருக்கிறேன். குறிப்பு: "மெனு கொடுமை. கதை இல்லை. சேவ் செய்த ஆட்டம் இரண்டு முறை காணாமல் போனது."

நானூறு மணி நேரம் ஒரு பொருளோடு வாழ்ந்துவிட்டு அதற்கு ஏழரை போட்டவன் பொய் சொன்னானா, இல்லை அந்த எண்ணுக்கே பேசத் தெரியாதா? ஏழரை என்றாலே நமக்கு வேறொரு ஞாபகம் வரும், அதை விடுங்கள். ஆனால் கேம் உலகத்திலும் ஏழரை பிடித்தால் கஷ்டகாலம்தான்.

மெட்டாகிரிட்டிக் தளம் 2001-இல் வந்தது. பல பத்திரிகைகள், தளங்கள் கொடுத்த மதிப்பெண்களைச் சேர்த்து நூற்றுக்கு ஒரே எண்ணாகத் தரும். வெறும் சராசரி இல்லை. சில தளங்களின் எண்ணுக்கு எடை அதிகம், சிலவற்றுக்குக் குறைவு, யாருக்கு எவ்வளவு என்று வெளியே சொல்வதில்லை. எண்ணுக்கு நிறமும் உண்டு. கேம் என்றால் 75-லிருந்து பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. அதே தளத்தில் சினிமாவுக்கு 61-லேயே பச்சை வந்துவிடுகிறது. 65 வாங்கிய படம் பச்சை உடுத்திக்கொண்டு நிற்கும், 74 வாங்கிய கேம் மஞ்சளில் நிற்கும். கேம் விமர்சகர்கள் தாராளமாகப் போடுகிறவர்கள் என்பதைத் தளமே ஒப்புக்கொண்டு கோட்டை மேலே ஏற்றி வைத்திருக்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம். நம் ஏழரை சரியாக அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

அந்த எண்ணை வாசகன் மட்டும் பார்த்தால் பரவாயில்லை. 2010-இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸ் என்ற கேமை உருவாக்கியது அப்சிடியன் நிறுவனம். விற்பனையில் பங்கு கிடையாது, ஒரே தொகை. மெட்டாகிரிட்டிக்கில் 85 எட்டினால் மட்டும் போனஸ் என்பது ஒப்பந்தம். கேம் வாங்கியது 84. இதை வெளியே சொன்னவர் அந்த நிறுவனத்தில் இருந்த கிறிஸ் அவெலோன், 2012-இல். இன்றைக்கு ஃபால்அவுட் வரிசையிலேயே சிறந்தது எது என்று ரசிகர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் வருகிற பெயர் நியூ வேகஸ்தான். வந்த புதிதில் அது பக் மூட்டையாக, அதாவது நிரல் பிழைகளின் மூட்டையாக, இருந்தது உண்மை. அதற்காக விமர்சகர்கள் வெட்டிய எண்கள் நியாயமானவைதான். ஒவ்வொரு விமர்சகரும் தனித்தனியாக நியாயமாக நடந்தும், எல்லாம் சேர்ந்து ஒரு மதிப்பெண் குறைந்ததில் போனஸ் போய்விட்டது.

சரி, பத்து வரை அளவுகோல் இருக்கும்போது எல்லோரும் ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவிலேயே ஏன் நெருக்கியடித்து நிற்கிறார்கள்? எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று, பரீட்சை. நூற்றுக்கு ஐம்பது என்றால் நடுத்தரம் என்று அளவுகோல் சொல்கிறது. பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் ஐம்பது வாங்கியவன் நடுத்தரம் இல்லை, தப்பித்தவன். அமிகா பவர் என்ற பிரிட்டிஷ் பத்திரிகை 1991 முதல் 1996 வரை வந்தது. சுமாரான கேமுக்கு 50 சதவீதம்தான் போடுவோம் என்று பிடிவாதமாக இருந்தது. கேம் நிறுவனங்கள் அதனோடு சண்டைக்கு வந்தன. இரண்டாவது காரணம், உண்மையில் மோசமான கேம்களை யாரும் விமர்சிப்பதே இல்லை. தினமும் குவிகிற கேம்களில் எதை எடுத்து எழுதுவது என்பதிலேயே முக்கால்வாசி வடிகட்டல் நடந்துவிடுகிறது.

மூன்றாவது காரணத்தை நானே அனுபவித்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு சின்னத் தளத்துக்கு விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு ஓப்பன் வேர்ல்ட் கேம், அதாவது பெரிய உலகத்தில் இஷ்டப்படி சுற்றுகிற ரகம். வரைபடம் முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சின்ன வேலைகள், எல்லாம் ஒரே வேலை. ஆறு போட்டு அனுப்பினேன். ஆசிரியர் போனில் கூப்பிட்டார்.

"ஆறு போட்டிருக்கீங்க. அவ்வளவு மோசமா?"

"மோசம் இல்லை சார். சுமார்."

"சுமார்னா ஏழு. ஆறுன்னா குப்பைன்னு அர்த்தம். எழுதினதைப் படிச்சா குப்பைன்னு தோணலையே?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததுதான் எரிச்சல். என் கட்டுரைக்கும் என் எண்ணுக்கும் ஒத்துப்போகவில்லை. ஊரெல்லாம் ஒரு நாணயத்தில் பேசும்போது நான் மட்டும் வேறு நாணயத்தில் விலை சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழு என்று வந்தது. ஒரு வரிகூட மாற்றவில்லை, எண் மட்டும் மாறியது. கீழே வந்த முதல் கருத்து: "ஏழுதானா? பொறாமை."

எண்ணால் வேலை போன கதையும் உண்டு. 2007 நவம்பரில் கேம்ஸ்பாட் தளத்தின் ஜெஃப் கெர்ஸ்ட்மன், கேன் அண்டு லின்ச் என்ற கேமுக்குப் பத்துக்கு ஆறு போட்டார். அந்தச் சமயம் அதே தளத்தில் அதே கேமின் விளம்பரம் பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது. மாதம் முடிவதற்குள் அவர் வேலையில் இல்லை. விளம்பரதாரர்களின் நெருக்கடி பற்றி அவரே விரிவாகப் பேச 2012 வரை ஆனது. ஆறின் மகிமை.

ஆனால் விளம்பரமும் நெருக்கடியும் இல்லாத உலகத்திலும் இந்த எண் தடுமாறும் என்பதுதான் என் கட்சி. ஏனென்றால் கேம் என்பது ஒரு பொருள் இல்லை. பந்தயக் காரும் கணக்குப் புதிரும் பேய்க் கதையும் நாகரிகம் வளர்க்கிற ஆட்டமும் ஒரே கடையில் விற்பதால் ஒரே தராசில் நிறுத்துகிறோம்.

முன்பெல்லாம் மதிப்பெண்ணைப் பிரித்துப் போடுவார்கள்: கிராபிக்ஸ் இவ்வளவு, ஒலி இவ்வளவு, ஆட்டம் இவ்வளவு. படிக்க அறிவியல் மாதிரி இருக்கும். இந்தப் பெட்டியில் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்னைப் போட்டுப் பாருங்கள். லூகஸ் போப் உருவாக்கி 2018-இல் வந்தது. ஆளில்லாமல் திரும்பி வந்த ஒரு கப்பல். அதில் போன அறுபது பேருக்கும் என்ன ஆனது, யார் யாரைக் கொன்றார்கள் என்று காப்பீட்டு ஆய்வாளராக நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். திரை முழுக்க வெள்ளைப் புள்ளி, கறுப்புப் புள்ளி, வேறு நிறமே கிடையாது. கிராபிக்ஸுக்கு எத்தனை போடுவீர்கள்?

நான் ஒரு ராத்திரி முழுக்க ஒரே காட்சியில் நின்றிருக்கிறேன். உறைந்து நிற்கிற ஒரு சாவுக் கணம். அதற்குள் நடந்து சுற்றிப் பார்க்கலாம், எதையும் தொட முடியாது. தூங்கும் தளத்தில் தொங்கும் தூளிகள். அவற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு எண் தொங்குகிறது. கப்பல் பணியாளர் பட்டியலிலும் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கிறது. இந்த இரண்டும் ஒரே எண் என்று மண்டையில் உறைக்க எனக்கு நாற்பது நிமிஷம் ஆனது. உறைத்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன். மூன்று பேர் விதியைச் சரியாக எழுதினால்தான் கேம் அதை உறுதி செய்யும். இரண்டு சரி, ஒன்று தப்பு என்றால் மூச்சு விடாது. அதனால் குருட்டாம்போக்கில் ஊகித்துத் தப்பிக்க முடியாது. தூளியை நான் பார்த்தபோது மூன்றில் மற்ற இரண்டைத் தயாராக வைத்திருந்தேன். மூன்றாவது பெயரை எழுதினேன். இசை எழும்பி, மூன்று பெயரும் அச்செழுத்தாக மாறின.

இதோ, தூளி விஷயத்தை உங்களிடம் சொல்லிவிட்டேன். இனி அந்த நாற்பது நிமிஷம் உங்களுக்குக் கிடைக்காது. புதிர் விளையாட்டுக்கு விமர்சனம் எழுதுகிறவனின் அவஸ்தை இதுதான்: எது நன்றாக இருக்கிறதோ அதைச் சொன்னால் அது கெட்டுவிடும். ஆகவே "அருமையான புதிர்கள்" என்று எழுதிவிட்டு ஒன்பது போடுகிறான். புதிர் விமர்சனங்கள் மொட்டையாக இருப்பதற்கு அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. (மன்னியுங்கள். இன்னும் ஐம்பத்தேழு பேர் பாக்கி இருக்கிறார்கள்.)

வியூகம் வகுத்து ஆடுகிற ஸ்ட்ராட்டஜி கேமின் கதை நேர் எதிர். அங்கே சொல்வதற்கு நிறைய இருக்கிறது, தெரிந்துகொள்ளத்தான் நேரம் இல்லை. 2010-இல் சிவிலைசேஷன் 5 வந்தபோது மெட்டாகிரிட்டிக்கில் 90. மூன்றாவது, நான்காவது ஆட்டம் ஆடியவர்களோ, கணினி எதிரிக்குப் படையை நகர்த்தத் தெரியவில்லை, ராஜதந்திரம் பேசத் தெரியவில்லை என்று புலம்பினார்கள். இரண்டு பேரும் சொன்னது சரிதான். விமர்சகர் பார்த்தது முதல் காதல். மற்றவர் பார்த்தது குடித்தனம். 2012-இலும் 2013-இலும் வந்த இரண்டு பெரிய விரிவாக்கங்களுக்கு அப்புறம்தான் அது இன்று எல்லோரும் புகழ்கிற சிவிலைசேஷன் 5 ஆனது. அந்த 90 எந்த கேமுக்குப் போட்டது?

சண்டை விளையாட்டில் ஆடுகிறவனின் கைப்பழக்கம் வேறு ஒரு பிரச்சினை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5, 2016 பிப்ரவரியில் வந்தபோது அதில் கணினி எதிரிகளோடு வரிசையாக மோதிப் போகிற ஆர்கேட் மோடே இல்லை. தனியாக உட்கார்ந்து ஆடுகிறவனுக்கு அது பாதி கட்டிய வீடு. தினமும் ஆன்லைனில் ஆள் தேடி மோதுகிறவனுக்கோ அந்தக் குறை கண்ணிலேயே படாது. அவன் கேட்பது எந்த அடிக்கு எத்தனை ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து மாறுகிற படம்) பிடிக்கும் என்பது. விமர்சகருக்கு அந்தக் கணக்கு பிடிபட ஒரு வருஷம் வேண்டும். வருஷா வருஷம் வருகிற விளையாட்டுத் தொடர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போன வருஷத்து விமர்சனத்தில் வருஷத்தை மட்டும் மாற்றினால் போதும், கேமும் அதைத்தான் செய்திருக்கிறது.

சராசரி எவ்வளவு அபத்தமாக முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் டெட்லி பிரிமோனிஷன். 2010-இல் வந்த துப்பறியும் திகில் கேம். ஐஜிஎன் தளம் பத்துக்கு இரண்டு போட்டது. டிஸ்ட்ரக்டாய்ட் தளம் பத்துக்குப் பத்து. கார் ஓட்டுவது தள்ளுவண்டி தள்ளுவது போல இருக்கும், காட்சிகள் பத்து வருஷம் பழசு, துப்பாக்கிச் சண்டை சித்திரவதை. இரண்டு போட்டவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அதன் துப்பறிவாளர் காபியில் சகுனம் பார்ப்பார், வண்டி ஓட்டிக்கொண்டே கண்ணுக்குத் தெரியாத ஒருவரிடம் பழைய சினிமாக்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். அந்தச் சின்ன ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கடிகாரப்படி எங்கோ போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்கள். பத்து போட்டவர் பார்த்தது அதை. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஆறு. ஆறு மதிப்பெண் கேம் ஒன்றை இருவரில் யாருமே ஆடவில்லை!

இந்த விஷயத்தில் ஜப்பானின் ஃபமிட்சு பத்திரிகை முறை எனக்குப் பிடிக்கும். நான்கு பேர் ஆளுக்குப் பத்துக்குப் போடுவார்கள். நாற்பதுக்கு மொத்தம் வரும். முதல் முறையாக 40-க்கு 40 வாங்கியது 1998-இல் வந்த செல்டா: ஓகரினா ஆஃப் டைம். மொத்தத்தை விட்டுவிட்டு நான்கு எண்களையும் தனியாகப் பாருங்கள். 9, 9, 8, 5 என்று இருந்தால் அந்த ஐந்து போட்ட ஆள் என்ன சொல்கிறார் என்று பார்க்கத் தோன்றும். சராசரி முதலில் விழுங்குவது அந்த ஆளைத்தான்.

இன்னொரு விஷயம், விமர்சகர் எந்தச் சூழலில் ஆடுகிறார் என்பது. கேம் வெளியாவதற்குச் சில நாள் முன்னால் பிரதி கையில் வரும். இத்தனையாம் தேதி இத்தனை மணிக்கு முன் எழுதக் கூடாது என்று நிபந்தனை. அந்த மணி அடிக்கும்போது எல்லோர் விமர்சனமும் வரும். பின்தங்கினால் படிக்க ஆளில்லை. நாற்பது மணி நேர ஆர்பிஜியை, அதாவது ஒரு கதாபாத்திரமாக மாறி ஆடுகிற கேமை, நான்கு நாளில் முடிக்க வேண்டும். நானும் அப்படி ஆடியிருக்கிறேன். மூன்றாம் நாள் ராத்திரி, கேமில் யாரோ செத்துப்போகிறார்கள், சோக இசை. எனக்கு வந்த ஒரே உணர்ச்சி, அப்பாடா, இவனுடைய கிளைக்கதை இத்தோடு முடிந்தது. சாதாரணமாக ஒருவர் அந்த கேமை இரண்டு மாதம் வைத்து, இரவு ஒரு மணி நேரமாக ஆடியிருப்பார். நானும் அவரும் ஒரே கேமை ஆடவில்லை.

2013 மார்ச்சில் வந்த, நகரம் கட்டுகிற சிம்சிட்டி கேமுக்கு எப்போதும் இணையத் தொடர்பு வேண்டும். பாலிகான் தளத்தின் விமர்சகர் வெளியீட்டுக்கு முன்னால் காலியாகக் கிடந்த சர்வர்களில் ஆடினார், 9.5 போட்டார். வெளியான அன்று கூட்டம் நுழைந்தது, சர்வர்கள் படுத்தன, பணம் கொடுத்தவர்கள் வாசலில் நின்றார்கள். பாலிகான் 8 ஆக்கியது. பிறகு 4. சர்வர்கள் எழுந்ததும் 6.5. நான்கு எண்கள், ஒரே விமர்சனம். அன்றைக்கு எல்லோரும் கேலி செய்தோம். இப்போது நினைத்தால் அதுதான் நேர்மையான காரியமாகப் படுகிறது. சைபர்பங்க் 2077-க்கு 2020 டிசம்பரில் நடந்ததோ வேறு ரகம். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது பிசி பிரதி மட்டும். தாங்கள் ஆடியதைப் பதிவு செய்து காட்டவும் அனுமதி இல்லை. பச்சை எண்கள் குவிந்தன. டிவியில் இணைத்து ஆடுகிற பழைய கன்சோல்களுக்கு வாங்கியவர்களுக்குக் கிடைத்தது திக்கித் திணறுகிற ஒரு கேம். ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. அடுத்த ஜூன் வரை திரும்ப வைக்கவில்லை. அங்கே விமர்சகர் பொய் சொல்லவில்லை, அவருக்குக் காட்டியதைத்தான் சொன்னார்.

அப்படியானால் காசு கொடுத்து ஆடுகிறவர்களின் கருத்தையே பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நானும் கணினி கேம்கள் விற்கிற ஸ்டீம் என்ற இணையக் கடையில் அதைத்தான் முதலில் பார்க்கிறேன். அங்கே எண் இல்லை, கட்டைவிரல் மேலே அல்லது கீழே. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 95 சதவீதம் பேர் கட்டைவிரல் தூக்கினார்கள் என்றால் கேம் நூற்றுக்கு 95 என்று அர்த்தம் இல்லை. வாங்கிக் கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் ஏமாறவில்லை என்று அர்த்தம். என்ன கேம் என்று தெரிந்தே வாங்குகிற சின்னக் கூட்டம் உள்ள ஒரு ரயில் சிமுலேட்டர் 95 வாங்கிவிடும். எல்லோரும் வாங்கிப் பார்க்கிற பெரிய கேம் 80-ல் தள்ளாடும். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் ஸ்டீமில் பணம் திரும்பக் கிடைக்கும். முதல் இரண்டு மணி நேரம் மட்டும் ஜிகினா ஒட்டிய கேம்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

கோபமும் ஓட்டுப் போடும். தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 வெளியானது 2020 ஜூன் 19. முடிக்க இருபத்தைந்து மணி நேரமாவது பிடிக்கிற கேமுக்கு, சில மணி நேரத்திலேயே பூஜ்யங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. அடுத்த மாதமே மெட்டாகிரிட்டிக், வெளியான 36 மணி நேரம் கழித்துத்தான் பயனர்கள் மதிப்பெண் போடலாம் என்று விதி கொண்டுவந்தது. ஆனால் கூட்டத்தின் கோபம் எப்போதும் அநியாயம் இல்லை. நோ மேன்ஸ் ஸ்கை 2016-இல் சொன்னதில் பாதி இல்லாமல் வந்தது. ஸ்டீம் பயனர்கள் துவைத்துத் தொங்கவிட்டார்கள். செய்தவர்கள் வாய் திறக்காமல் வருஷக்கணக்கில் இலவச அப்டேட்களாகக் கொடுத்தார்கள். 2024 நவம்பரில் அதன் மொத்த மதிப்பீடு ஸ்டீமில் 'மிகவும் நேர்மறை' ஆகியது. முதல் வாரம் எழுதின விமர்சனங்களோ அப்படியே கல்வெட்டாக நிற்கின்றன.

எண்ணையே வேண்டாம் என்று தூக்கிப் போட்டவர்களும் உண்டு. யூரோகேமர் 2015-இல் மதிப்பெண்ணைக் கைவிட்டது. 2023-இல் ஐந்து நட்சத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தது. எட்டு வருஷம் தாக்குப்பிடித்ததே பெரிது.

எனக்கு இப்போது உதவுவது குறிப்பான புகார்கள்தான். "கதை மெதுவாக நகர்கிறது" என்பது எனக்கு எதுவும் சொல்வதில்லை. "முதல் ஐந்து மணி நேரமும் யாராவது உங்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே இருப்பார்கள்" என்றால் அந்த கேமை நான் வாங்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஒரு விமர்சகர் இருக்கிறார். என் ரசனைக்கு நேர் விரோதி. அவர் "தேவையில்லாத நுணுக்கம், சலிப்பூட்டும் கணக்கு வழக்கு" என்று திட்டினால் அன்றைக்கே வாங்கிவிடுவேன். இதுவரை ஏமாந்ததில்லை.

தப்பான விமர்சனம்கூடச் சில சமயம் சரியான கேள்வியை வைத்திருக்கும். 1994-இல் பிரிட்டனின் எட்ஜ் பத்திரிகை, துப்பாக்கி விளையாட்டுகளின் தாத்தாவான டூமுக்குப் பத்துக்கு ஏழு போட்டது. இந்த ஜந்துக்களைச் சுடுவதற்குப் பதில் அவற்றோடு பேசி, சிநேகம் பிடித்து, கூட்டணி வைக்க முடிந்தால் எவ்வளவு சுவாரஸ்யமாக இருக்கும் என்று அதில் ஏங்கியிருந்தார்கள். முப்பது வருஷமாகக் கேம் உலகம் அந்த வரியைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. 2015-இல் அண்டர்டேல் வந்தது. எதிரே வருகிற ஜந்துக்களோடு பேசலாம், கேலி பண்ணலாம், ஒன்றைக்கூடக் கொல்லாமல் முடிக்கலாம். அதைக் கொண்டாடியவர்களில் டூம் விமர்சனத்தைக் கேலி செய்தவர்களும் இருந்தார்கள், என்னையும் சேர்த்து.

போன மாதம் நண்பன் ஒருவன் போன் பண்ணினான். மேலே சொன்ன நானூறு மணி நேர கேம் தள்ளுபடியில் வந்திருக்கிறதாம்.

"நீ ஆடியிருக்கேல்ல? எப்படிடா?"

உட்கார்ந்து சொன்னேன். மெனுவைப் பார்த்துப் பயப்படாதே என்றேன். முதல் பத்து மணி நேரம் தோற்றுக்கொண்டேதான் இருப்பாய், அது உன் தப்பு இல்லை. சேவ் செய்த ஆட்டத்தை இரண்டு இடத்தில் வைத்துக்கொள். இருபதாவது மணி நேரத்தில் ஒரு பனிக்காலம் வரும், உன் ஆட்கள் பாதி பேர் போய்விடுவார்கள், அப்போது நிறுத்தாதே, அடுத்த வசந்தத்தில் மிச்சமிருக்கிறவர்கள் தாங்களாகவே ஒரு வேலை செய்வார்கள், அதை நான் சொல்ல மாட்டேன். இருபது நிமிஷம் பேசியிருப்பேன். அவன் "உம், உம்" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"சரி, அதெல்லாம் இருக்கட்டும். பத்துக்கு எத்தனை?"

ஷீட்டில் இருப்பதுதானே வாயில் வரும்.

"ஏழரை."

"ஓ" என்றான். "அப்போ வேண்டாம்டா."